டீசல் காரும் அதன் புகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகள் ஒரு டீசல் கார் ஓட்டியவன் நான். அதன் இழுவை எனக்கு இன்றும் பிடிக்கும். அதன் புகையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு வந்த சங்கடமும் இன்னும் போகவில்லை. கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மின்சாரக் கார் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். கோடிக்கணக்கான டீசல் கார்கள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். அவற்றுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

டீசல் இன்ஜினும் பெட்ரோல் இன்ஜினும் அடிப்படையில் எதில் வேறுபடுகின்றன?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் உண்டு, டீசல் இன்ஜினில் கிடையாது. மற்ற வேறுபாடெல்லாம் அங்கிருந்து கிளம்புவதுதான்.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சூடாகும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதே காரணம். டீசல் இன்ஜின் இதையே மூர்க்கமாகச் செய்கிறது. சிலிண்டருக்குள் முதலில் வெறும் காற்று மட்டும் போகிறது. பிஸ்டன் அதைப் பதினைந்தில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று அமுக்கும்போது வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டுக்குள் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமுங்கி, பிறகு பொறியால் எரிகின்றன.

ருடால்ஃப் டீசல் இதற்கு 1893இல் காப்புரிமை பெற்றார். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்தபோது அவருடைய இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய சாதாரண நீராவி இன்ஜின் எதுவும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அழுத்தம் அதிகம், காற்று அதிகம். டீசலை யார் புகழ்ந்தாலும் யார் திட்டினாலும் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

மைலேஜ் ஏன் கூடுதலாகக் கிடைக்கிறது?

முதல் காரணம் அந்த அழுத்தம். எவ்வளவு அமுக்கி எரிக்கிறோமோ, அவ்வளவு ஆற்றலை விரிவடையும் வாயுவிலிருந்து கறந்துகொள்ளலாம். இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்க, காற்று வரும் வழியை ஒரு தகடு அடைக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுப்பது போல இன்ஜின் அப்போது வீணாகச் சிரமப்படும். டீசலில் காற்று தாராளமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். பீய்ச்சும் டீசலின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். அதனால்தான் மெதுவாக ஊரும்போதுகூட டீசல் சிக்கனமாக இருக்கிறது.

மூன்றாவது காரணத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32. டீசல் அடர்த்தியான எண்ணெய், அவ்வளவுதான். இதை மறந்துவிடாதீர்கள், கரியமில வாயு பற்றிப் பேசும்போது இது குறுக்கே வரும்.

"டீசல் வண்டி நல்லா இழுக்கும்" என்கிறார்களே, அது உண்மையா, பழக்கதோஷமா?

உண்மை. டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) வைத்த டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500, 2,000 சுற்றுகளிலேயே தன் முழு டார்க்கையும், அதாவது சுழற்றும் விசையையும், கொடுத்துவிடும். அதே அளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த நிலைக்கு வர 4,000 சுற்றுகள் வரை கதற வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி மேட்டில் கியர் மாற்றாமல் ஏறிப் போவது இதனால்தான்.

டர்போவும் டீசலும் பொருத்தமான ஜோடி. பெட்ரோலில் காற்றை அதிகம் திணித்தால் எரிபொருள் நேரம் தப்பிப் பற்றிக்கொண்டு இன்ஜின் தட்டும். டீசலில் அமுங்குவது வெறும் காற்று. எரிபொருளே அங்கு இல்லாதபோது எது முன்கூட்டிப் பற்றும்? அதனால் டர்போ நிறையத் திணித்தாலும் டீசல் தாங்கிக்கொள்ளும். 2006இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடியின் ஆர்10 முதலிடம் பிடித்தது. அந்தப் பந்தயத்தை டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை. டீசல் என்றாலே லாரி என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆயுளும் அதிகமா?

அழுத்தத்தைத் தாங்க இன்ஜினைக் கனமாகக் கட்ட வேண்டியிருந்தது, அது குறைந்த சுற்றுகளிலேயே ஓடியது. அதனால் பழைய டீசல்கள் நீண்ட நாள் உழைத்தன. கிரேக்கத்தில் டாக்ஸியாக ஓடிய 1976ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 240 டி ஒன்று 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே இன்ஜினில் அல்ல, பல முறை மாற்றித்தான். அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்றைய டீசலுக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தாது. இன்ஜின் உழைக்கும், அதைச் சுற்றியுள்ள டர்போவும் இன்ஜெக்டரும் புகை வடிகட்டியும் அதே அளவு உழைக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த 'டக டக' சத்தம்?

பீய்ச்சிய டீசல் ஒரு கணம் தாமதித்துப் பிறகு மொத்தமாகப் பற்றுவதால் வரும் சத்தம். காமன் ரயில் என்ற உயர் அழுத்தப் பீய்ச்சுமுறை வந்த பிறகு முதலில் ஒரு துளியை எரித்துவிட்டு, மிச்சத்தைப் பல தவணைகளாகப் பீய்ச்சுகிறார்கள். சத்தம் பெருமளவு அடங்கிவிட்டது.

லாரிக்கான இன்ஜின் காருக்குள் எப்படி வந்தது?

மெதுவாகத்தான் வந்தது. மெர்சிடிஸ் 1936இல் 260 டி என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. 45 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டியை டாக்ஸிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் மைலேஜின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. 1976இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் டீசல் வந்தது, 1978இல் மெர்சிடிஸ் டர்போவைச் சேர்த்தது, 1989இல் ஆடி 100 டிடிஐ வந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காமன் ரயிலைக் கொண்டுவந்தது. 1,350 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) டீசலைப் பீய்ச்சும் முறை அது. அதோடு டீசல் காரின் முரட்டுத்தனம் போய்விட்டது.

ஐரோப்பா அதை அள்ளிக்கொண்டதற்குப் பொறியியல் மட்டும் காரணமல்ல. பல நாடுகளில் டீசலுக்கு வரி குறைவு. அதோடு, 1998இல் ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் தங்கள் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயுவை 2008க்குள் கிலோமீட்டருக்கு 140 கிராமாகக் குறைப்பதாக ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்டன. அதற்கு அவர்களின் கையிலிருந்த எளிய வழி டீசல். 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேல் டீசல்.

ஜப்பான் வேறு பாதையில் போனது. தோக்கியோவின் ஆளுநர் ஷின்தாரோ இஷிஹாரா 1999இல் டீசல் கரியை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி எடுத்துவந்து செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டினார். அவர் குறிவைத்தது லாரிகளையும் பேருந்துகளையும். அங்கே டீசல் என்ற சொல்லுக்கே அழுக்கு ஒட்டிக்கொள்ள அந்த பாட்டிலும் ஒரு காரணம்.

சரி, அந்தப் புகையில் என்னதான் இருக்கிறது?

பெரும்பகுதி நைட்ரஜன், மிச்சமுள்ள ஆக்சிஜன், கரியமில வாயு, நீராவி. கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவாகவே உருவாகும், தாராளமான காற்றின் புண்ணியம் அது. தலைவலி இரண்டே இரண்டு: புகைக்கரியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்.

இவ்வளவு காற்று இருந்தும் கரி ஏன் வருகிறது?

காற்று சிலிண்டர் முழுக்க இருக்கிறது, டீசல் துளியின் நடுவில் இல்லை. துளியின் வெளிப்பக்கம் எரியும்போது உட்பக்கம் ஆக்சிஜன் கிடைக்காமல் வெந்து கருகுகிறது. அந்தக் கருகலில் பெரும்பகுதி பிறகு எரிந்துவிடும். தப்பியது சைலன்சர் வழியே வெளியே வரும். இன்ஜெக்ஷன் அழுத்தத்தை 2,000 பாருக்கும் மேலே கொண்டுபோனதன் நோக்கம் துளியைச் சிறிதாக்கி இந்தக் கருகலைக் குறைப்பதுதான்.

கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புகை அருவருப்பானது. அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத துகள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை போகும். போகும்போது எரியாத எண்ணெயின் நச்சுச் சேர்மங்களையும் முதுகில் சுமந்து போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் டீசல் புகையை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்திருந்தது. 2012இல் 'உண்டாக்கும்' என்ற முதல் பட்டியலுக்கே மாற்றிவிட்டது. நுரையீரல் புற்றுநோய்க்குப் போதுமான ஆதாரம் இருப்பதாக அது சொன்னது. சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்த தொழிலாளர்கள் பற்றிய ஆய்வுகள் அந்த முடிவுக்கு முக்கியமானவை.

நைட்ரஜன் ஆக்சைடு எங்கிருந்து வருகிறது? டீசலில் நைட்ரஜனே இல்லையே?

நல்ல கேள்வி. அது டீசலிலிருந்து வருவதல்ல, நாம் மூச்சு விடும் காற்றிலிருந்தே வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராத சந்நியாசி. சுவாலையின் வெப்பம் மிக அதிகமாகி, பக்கத்தில் உபரி ஆக்சிஜனும் இருந்தால் அந்த சந்நியாசமும் கலைந்துவிடும். முதலில் நைட்ரிக் ஆக்சைடு, பிறகு நைட்ரஜன் டை ஆக்சைடு. பின்னது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தும். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகவும் மாறும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆக 2021இல் உலக சுகாதார நிறுவனம் இறக்கியது.

இங்கேதான் டீசலின் பெரிய சிக்கல் இருக்கிறது. சுவாலையைச் சூடாக்கினால் கரி நன்றாக எரியும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கிற கதை. மைலேஜ் தரும் அழுத்தமும் காற்றும்தான் இந்த நச்சையும் தருகின்றன.

பெட்ரோல் காரிலும் நைட்ரஜன் ஆக்சைடு வருமே, அதை மட்டும் ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை?

இன்ஜினுக்குள் உருவாகிறது, நிறையவே உருவாகிறது. ஆனால் பெட்ரோல் காரின் சைலன்சர் பாதையில் மும்முனை வினையூக்கி என்ற ஒரு டப்பா இருக்கிறது. எரிபொருளும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் சரியான விகிதத்தில் இருந்தால் அது கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே இடத்தில் தீர்த்துக்கட்டிவிடும். டீசல் புகையில் எப்போதும் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அந்த ஆக்சிஜன் இருக்கும் வரை, நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலையை அந்த டப்பாவால் செய்ய முடியாது. பெட்ரோல் கார் ஒரு டப்பாவில் முடித்துக்கொண்டதை, டீசல் கார் ஒரு சிறிய ரசாயனத் தொழிற்சாலையைச் சுமந்துகொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் என்னென்ன இருக்கிறது?

இன்ஜினை ஒட்டி ஈஜிஆர் வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி, ஆக்சிஜனையும் சூட்டையும் குறைக்கும். தன் புகையைத் தானே தின்பதால் நாளடைவில் உட்பக்கமெல்லாம் கரி அப்பிக்கொள்ளும். அடுத்து, கார்பன் மோனாக்சைடையும் எரியாத எண்ணெயையும் எரிக்கும் ஒரு வினையூக்கி. இது நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பங்கை அதைவிட மோசமான நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடும் என்பது ஒரு வேடிக்கை. அதன்பின் டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி. பெஜோ 607 காரில் 2000ஆம் ஆண்டு அது வரிசைத் தயாரிப்புக்கு வந்தது. நல்ல நிலையில் இருந்தால் துகள்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். கடைசியாக நைட்ரஜன் ஆக்சைடுக்கான தனிக் கருவி. சிறிய கார்களில் அதை உறிஞ்சிவைத்து அவ்வப்போது அழிக்கும் பொறி, பெரியவற்றில் யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர். இப்போது இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

எரிபொருளில் கந்தகம் அதிகமிருந்தால் இதெல்லாம் கெட்டுப்போகும். அதனால்தான் அமெரிக்கா 2006இல் டீசலின் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்காகவும் ஐரோப்பா 2009இல் 10 பங்காகவும் கட்டுப்படுத்தின.

டிபிஎஃப் விளக்கு எரிகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நான் அலட்சியப்படுத்தியவன்.

வடிகட்டி பிடித்த கரியை எங்காவது போக்கியாக வேண்டும். கார் அதை உள்ளேயே எரிக்கிறது. அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்குகிறார்கள். கார் கால் மணி நேரமாவது நிற்காமல் ஓடினால்தான் இது முழுமையாக நடக்கும். என் அலுவலகம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் நான் இறங்கிவிடுவேன். ஒவ்வொரு நாளும் கார் எரிக்கத் தொடங்கும், நான் அணைத்துவிடுவேன். விளக்கு எரிந்தது, சரியாகிவிடும் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு நாள் காலையில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர மறுத்து ஊர்ந்தது.

முதலில் போன சர்வீஸ் சென்டரில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். கணினியை மாட்டி அங்கேயே கரியை எரிக்கவைத்து, இன்ஜின் ஆயிலையும் மாற்றினார். எரிக்க முயன்று பாதியில் நின்ற டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருந்தது. "சார், இது ஓட்டுறதுக்கான வண்டி, நிறுத்துறதுக்கான வண்டி இல்ல" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வேலையே இல்லாமல் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். சிக்கனத்துக்காக வாங்கிய காரைச் சுத்தமாக வைக்க டீசலை எரித்தேன்.

ஆட்ப்ளூ என்பது என்ன? உர யூரியாவைக் கரைத்து ஊற்றினால் போதுமா?

போதாது. ஆட்ப்ளூ மிகத் தூய யூரியா 32.5 சதவீதமும் தாது நீக்கிய நீரும் கலந்தது. உர யூரியாவில் உள்ள மாசு, வினையூக்கியைப் பாழாக்கிவிடும். சூடான புகையில் யூரியா அம்மோனியாவாகப் பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. தொட்டி காலியானால் பல கார்கள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அது பழுதல்ல, விதிப்படி வைத்த பூட்டு. தவறியும் டீசல் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பது குளிர்நாட்டுக்காரர்கள் கவலை.

சட்டம் இதையெல்லாம் கட்டுப்படுத்தவில்லையா?

காகிதத்தில் நன்றாகவே கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய விதிகளில் டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 2000இல் 500 மில்லிகிராம், 2005இல் 250, 2009இல் 180, 2014இல் 80 (இந்தக் கடைசி விதிதான் யூரோ 6). கரி 1992இல் 140 மில்லிகிராம், யூரோ 6இல் 4.5.

கரியில் வந்த மாற்றம் உண்மையானது. வடிகட்டி இல்லாமல் அந்த எண்ணைத் தொட முடியாது. நைட்ரஜன் ஆக்சைடு கதை வேறு. 2014இல் ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு, புதிய டீசல் கார்கள் பதினைந்தைச் சாலையில் ஓட்டி அளந்த முடிவுகளைத் திரட்டி வெளியிட்டது. சராசரி, யூரோ 6 வரம்பைப் போல ஏழு மடங்கு. எண்பதை ஏழால் பெருக்கிப் பாருங்கள்: 560. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய வரம்பைவிட அதிகம்!

ஃபோக்ஸ்வேகன் ஊழல் என்றார்களே, அங்கே நடந்தது என்ன?

அதே ஐசிசிடி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தது. யாரையும் பிடிப்பது அவர்கள் நோக்கமல்ல. அமெரிக்க விதி கடுமையானது, அங்கே ஓடும் டீசல் கார்கள் சுத்தமாகத்தான் இருக்கும், அதைக் காட்டி ஐரோப்பாவைத் திருத்தலாம் என்று நினைத்தார்கள். பல்கலைக்கழகக் குழு அளவுக் கருவியைக் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டியது. மூன்று கார்களில் ஒன்று வரம்புக்குள் இருந்தது. மற்ற இரண்டும் ஃபோக்ஸ்வேகன் தயாரிப்புகள். ஒன்று வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, இன்னொன்று 5 முதல் 20 மடங்கு கக்கியது. இத்தனைக்கும் ஆய்வகச் சோதனையில் அதே இரண்டும் நல்ல பிள்ளைகள்.

காரின் கணினிக்குள் எழுதிய நிரல்தான் சூத்திரதாரி. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையெல்லாம் பார்த்து, இது சோதனை என்று அது மோப்பம் பிடிக்கும். அப்போது மட்டும் சுத்திகரிப்பை முழுதாக ஓடவிடும். மேலதிகாரி வருகிற அன்று மட்டும் கூட்டிப் பெருக்கும் அலுவலகம் போல. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வெளிப்படையாக அறிவித்தது. ஐந்தே நாளில் நிறுவனத் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த நிரல் இருந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்தக் கருவிகளால் சுத்தம் செய்ய முடிந்தது. சோதனைக்கூடத்தில் செய்தும் காட்டின. சாலையில் அவற்றை வேலை செய்ய விடவில்லை.

மற்ற நிறுவனங்கள் யோக்கியமா?

ஏமாற்று நிரல் வேறு, சட்டத்தின் ஓட்டை வேறு. இரண்டுக்கும் இடையே கோடு மெல்லியது. பழைய ஐரோப்பியச் சோதனை 20 நிமிடம், 11 கிலோமீட்டர், மென்மையான ஓட்டம். பல கார்கள் குளிரிலும் கடும் வெயிலிலும் ஈஜிஆரைக் குறைத்துக்கொண்டன. இன்ஜினைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். வெளிவெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால் மட்டும் முழுதாக வேலை செய்யும் அமைப்பு சட்டத்துக்குப் புறம்பான தவிர்ப்புச் சாதனமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

2017 செப்டம்பரில் இருந்து ஐரோப்பாவில் புதிய மாடல்களைச் சாலையில் ஓட்டியும் அளக்கிறார்கள். முதலில் வரம்பைப் போல 2.1 மடங்கு வரை அனுமதித்தார்கள், 2020இல் அதை 1.43 மடங்காகக் குறைத்தார்கள். அதன் பிறகு வந்த டீசல் கார்கள் நிஜமாகவே மாறின.

மைலேஜ் அதிகம் என்றால் புவி வெப்பமாதலுக்கு டீசல் நல்லதுதானே?

நல்லது என்று சொல்லித்தான் விற்றார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.31 கிலோ கரியமில வாயு, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.65 கிலோ. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் கார் 20 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். மைலேஜில் டீசல் 25 சதவீதம் மேலே. ஆனால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் 144 கிராம் விடுகிறது, டீசல் கார் 132. வித்தியாசம் எட்டு சதவீதம்தான். மலிவாக ஓடுகிறதே என்று கொஞ்சம் பெரிய வண்டியாக வாங்கினாலோ, கூடுதலாக ஊர் சுற்றினாலோ அதுவும் கரைந்துவிடும். வடிகட்டி இல்லாத பழைய வண்டி என்றால் அதன் கறுப்புக் கரியும் சூரிய வெப்பத்தை உறிஞ்சிப் புவியைச் சூடாக்கும்.

நகருக்குள் ஓட்டுபவருக்கு இதே சிக்கனத்தை ஹைபிரிட் பெட்ரோல் கார் தருகிறது, அதுவும் அந்தப் பழைய மும்முனை டப்பாவோடு. டொயோட்டா பிரியஸ் வந்தது 1997இல், காமன் ரயில் வந்த அதே ஆண்டு. ஐரோப்பா அன்று மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் இன்றைய டீசல் கார் சுத்தமா?

சாலைச் சோதனையில் தேறிய புதிய கார், இன்ஜின் சூடாகி நெடுஞ்சாலையில் ஓடும்போது, மிகச் சுத்தம். துகள் எண்ணிக்கையில் வடிகட்டி இல்லாத நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் காரைவிடவும் மேல். இதைச் சொன்னால் டீசலைத் திட்டுபவர்கள் நம்புவதில்லை.

அந்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எஸ்சிஆர் வேலை செய்யாது. அது சூடேற வேண்டும். டிபிஎஃப் கரியை எரிக்கும் சில நிமிடங்களில் வெளியேற்றம் கூடும். ஒரு சென்சார் பழுதானாலும், யாராவது வடிகட்டியைக் கழற்றினாலும் அந்தச் சுத்தம் போய்விடும்.

நகரங்கள் ஏன் டீசலை மட்டும் குறிவைக்கின்றன?

நெரிசலான தெருவில் நைட்ரஜன் டை ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விரல் டீசலை நோக்கி நீள்வதால். 2018 பிப்ரவரியில் லைப்சிக் நகரிலுள்ள ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நகரங்கள் டீசலைத் தடுக்கலாம் என்றது. மே மாதமே ஹாம்பர்க் சில சாலைப் பகுதிகளில் பழைய டீசல்களைத் தடுத்தது. லண்டனில் 2019 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் கட்டணமின்றி நுழையப் பெட்ரோல் கார் யூரோ 4 ஆக இருந்தால் போதும், டீசல் யூரோ 6 ஆக இருக்க வேண்டும். 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் டீசல் ஏறக்குறைய ஏழில் ஒன்று.

டிபிஎஃபைக் கழற்றிவிட்டால் பிக்கப் கூடும் என்கிறாரே மெக்கானிக்?

அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றினால் கூடத்தான் செய்யும். மூக்கடைப்புக்கு மூக்கையே எடுப்பது போன்ற வைத்தியம். பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதமும் கூட. அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இன்ஜெக்டர், ஈஜிஆர், அல்லது நீங்கள் ஓட்டும் தூரம். அதைச் சரிசெய்யுங்கள்.

பயோடீசல் ஊற்றினால் தீருமா?

கரி குறையும். நைட்ரஜன் ஆக்சைடு குறையாது, சில சமயம் சற்றுக் கூடும். உங்கள் காரின் கையேடு எத்தனை சதவீதம் அனுமதிக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள்.

டீசல் கார் யாருக்குப் பொருந்தும்?

நாள்தோறும் நீண்ட தூரம், நிற்காமல், சுமையோடு போகிறவருக்கு. அவருக்கு இன்றும் டீசலுக்கு நிகர் குறைவு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று ஓட்டுபவருக்கு வேண்டவே வேண்டாம்; மைலேஜும் வராது, வடிகட்டியும் அடைக்கும், தெருவுக்கும் கேடு. நான் இரண்டாம் வகை ஆள், முதல் வகைக்கான காரை வாங்கியிருந்தேன்.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போது கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அளவுக்கு மீறிப் பீய்ச்சுகிறது. ஆயில் குச்சியில் அளவு மேல்கோட்டுக்கும் மேலே இருந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கலாம்.

அப்புறம், டிபிஎஃப் உள்ள கார் என்று சொல்லி விற்கிறார்கள் என்றால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சைலன்சர் குழாய் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விரலை உள்ளே விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வெளியே வரும். மை அப்பினாற்போல் வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் வெறும் குழாய்தான் இருக்கிறது.